இரண்டு மேஜர் எடுக்கலாமா, மிஸ்?

சென்ற மே மாதம் பிளஸ் 2 தேர்வு முடிவு வந்த மறுநாள் எங்கள் பள்ளியின் கணினி ஆய்வகம் நிரம்பி வழிந்தது. மதிப்பெண் பட்டியலைப் பதிவிறக்கம் செய்ய வந்தவர்கள் பாதி, அரசுக் கலைக் கல்லூரிகளுக்கு இணையத்தில் விண்ணப்பிக்க வந்தவர்கள் மீதி. உயர்கல்வி வழிகாட்டிப் பொறுப்பு என்னிடம் இருப்பதால் ஒவ்வொருவரையும் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசிக்கொண்டிருந்தேன். வரிசையின் கடைசியில் நின்ற மாணவி, தன் முறை வந்ததும் உட்காராமலேயே கேட்டாள்.

“மிஸ், பெங்களூர்ல ஒரு காலேஜ்ல ரெண்டு மேஜர் தர்றாங்களாம். மேத்ஸ் ஒண்ணு, எக்கனாமிக்ஸ் ஒண்ணு. எடுக்கலாமா?”

எங்கள் ஊர் ஓசூருக்குப் பக்கம். மாவட்டத் தலைநகரான கிருஷ்ணகிரியைவிடப் பெங்களூரு எங்களுக்கு நெருக்கம். வேலைக்கு, மருத்துவமனைக்கு, துணி எடுக்க என்று எல்லாவற்றுக்கும் எல்லை தாண்டிப் போகிறவர்கள். எனவே கேள்வி எனக்கு வியப்பாக இல்லை. “எடும்மா” என்றோ “வேண்டாம்மா” என்றோ அங்கேயே சொல்லி அனுப்பியிருக்கலாம். “நாளைக்கு அப்பாவோட வா, உட்கார்ந்து பேசலாம்” என்று மட்டும் சொன்னேன். 2022இல் நான் யோசிக்காமல் சொன்ன ஓர் “எடு” அப்போது நினைவுக்கு வந்ததுதான் காரணம்.

அந்த ஆண்டு ஏப்ரலில் பல்கலைக்கழக மானியக்குழு ஓர் அறிவிப்பை வெளியிட்டது. ஒரே நேரத்தில் இரண்டு பட்டப்படிப்புகளைப் படிக்கலாம். இரண்டும் நேரடி வகுப்பாக இருந்தால் வகுப்பு நேரங்கள் ஒன்றோடொன்று மோதக்கூடாது. ஒன்று நேரடியாகவும் மற்றொன்று தொலைநிலையிலோ இணையவழியிலோ இருக்கலாம். இரண்டையுமே தொலைநிலையில் படித்தாலும் சரி. பிஎச்.டி.க்கு மட்டும் இது பொருந்தாது. செய்தித்தாளில் படித்தபோது எனக்கு அது பெரிய வாய்ப்பாகத் தெரிந்தது. நம் அரசுக் கல்லூரிகள் பலவற்றில் முதல் சுழற்சி மதியத்தோடு முடிந்துவிடுகிறது. மீதி நேரத்தில் இன்னொரு பட்டம் படித்தால் என்ன?

அந்த ஆண்டு முடித்த ஒரு மாணவனிடம் இதைத்தான் சொன்னேன். கல்லூரியில் பி.காம்., கூடவே தொலைநிலையில் பி.ஏ. வரலாறு. குரூப் தேர்வுகள் எழுத வேண்டும் என்பது அவன் ஆசை, வரலாறு அதற்கு உதவும் என்று நினைத்தோம். மாலையில் ஒரு பார்சல் கிடங்கில் அவனுக்கு வேலையும் இருந்தது. முதல் பருவத் தேர்வு வந்தது. இரண்டு பல்கலைக்கழகங்களின் கால அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது இரண்டு தேதிகள் ஒன்றாக இருந்தன. வகுப்பு நேரம் மோதுமா என்று பார்க்கச் சொன்ன எனக்குத் தேர்வுத் தேதி மோதும் என்று தோன்றவே இல்லை. ஒன்றில் வரலாற்றுத் தேர்வைப் போய் எழுதினான், பி.காம். தாளை விட்டான். இன்னொன்றில் நேர்மாறாகச் செய்தான். அடுத்த பருவத்திலும் அப்படியே. பி.காம்.மில் அரியர் விழுந்தது, பி.ஏ.வுக்குக் கட்டிய பணம் போனது. பிறகு வரலாற்றை விட்டுவிட்டு, அரியர்களை எழுதி, பி.காம். முடித்தான். “உங்களுக்கு எப்படி மிஸ் தெரியும்?” என்று எனக்கே ஆறுதல் சொன்னான். அவனுக்கு வழி சொன்னவள் நான். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நானும் ஓர் இரட்டைப் பட்டக்காரிதான்

நம் ஆசிரியர் அறைகளில் ‘இரட்டைப் பட்டம்’ என்ற சொல்லுக்குத் தனிக் கசப்பு உண்டு. இளைய ஆசிரியர்களுக்காகச் சொல்கிறேன். நான் இடைநிலை ஆசிரியராகப் பணியில் சேர்ந்தபோது பி.எஸ்சி. வேதியியல் முடித்திருந்தேன். பி.எட். பிறகு வந்தது. அறிவியல் பாடத்துக்கான பதவி உயர்வுப் பட்டியல் நகர மறுத்தது, ஆங்கிலத்துக்கான பட்டியல் வேகமாக நகர்ந்தது. “ஏற்கெனவே ஒரு டிகிரி இருக்கில்ல, ஒரே வருஷத்துல பி.ஏ. இங்கிலீஷ் முடிச்சிடலாம்” என்றார் மூத்த ஆசிரியர் ஒருவர். நானும் பணம் கட்டினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தொடர்பு வகுப்பு, கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டுத் தேர்வு. பட்டம் வந்தது. பிறகு அந்த விவகாரம் நீதிமன்றத்துக்குப் போனதும், மூன்றாண்டு படித்துப் பெற்ற பட்டமே பதவி உயர்வுக்குச் செல்லும், ஓராண்டு இரட்டைப் பட்டம் செல்லாது என்று முடிந்ததும் உங்களில் பலருக்குத் தெரியும். எனக்குப் பதவி உயர்வு கடைசியில் வேதியியலில்தான் கிடைத்தது. ஆங்கிலப் பட்டம் இன்றும் பீரோவில், அதே பிளாஸ்டிக் உறையில் இருக்கிறது.

அந்தப் படிப்பில் ஷேக்ஸ்பியரின் நாடகம் ஒன்றை முழுதாகப் படித்தேன், அது நல்ல விஷயம்தான். ஆனால் நான் அதற்காகப் பணம் கட்டவில்லை. ஒன்று போனால் இன்னொன்று இருக்கட்டும் என்று கட்டினேன். அந்த ‘இருக்கட்டும்’தான் என்னை ஏமாற்றியது. பிள்ளைகளும் பெற்றோரும் இரண்டு மேஜர் என்று கேட்கும்போது பெரும்பாலும் அதே ‘இருக்கட்டும்’ என்ற எண்ணத்தோடுதான் கேட்கிறார்கள்.

முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்வோம்

பிள்ளைகள் ‘டபுள் மேஜர்’, ‘டூயல் டிகிரி’, ‘இன்டகிரேட்டட்’ எல்லாவற்றையும் ஒன்றாகவே சொல்கிறார்கள். நாமும் அப்படித்தான். ஆனால் இவை வேறு வேறு.

இரட்டை மேஜர் என்றால் பட்டம் ஒன்றுதான், அதற்குள் முதன்மைப் பாடங்கள் இரண்டு. இரட்டைப் பட்டம் என்றால் சான்றிதழே இரண்டு. பிட்ஸ் பிலானியில் எம்.எஸ்சி.யில் சேர்ந்து, முதலாண்டு மதிப்பெண்ணைப் பொறுத்து ஒரு பி.இ.யும் சேர்த்து ஐந்தாண்டில் இரண்டையும் முடிப்பது இந்த வகை. கல்லூரியில் ஒன்றும் தொலைநிலையில் ஒன்றுமாகப் படிப்பதும் இதில் சேரும். ஒருங்கிணைந்த படிப்பு என்பது வழக்கமாக ஒன்றன்பின் ஒன்றாகப் படிக்கும் இரண்டு படிப்புகளை ஒரே சேர்க்கையில் கோத்துத் தருவது. நான் செய்த ஓராண்டுப் பட்டம் கூடுதல் பட்டம். அதை மற்றவற்றோடு குழப்பிக்கொள்ளக்கூடாது.

நம் தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரிகளின் அமைப்பில் இரட்டை மேஜர் வழக்கமில்லை. பகுதி 1 தமிழ், பகுதி 2 ஆங்கிலம், பகுதி 3இல் ஒரு மேஜரும் அதற்கு அல்லைடு பாடங்களும். மற்ற பகுதிகளில் திறன் படிப்புகளும் விரிவாக்கப் பணியும் வரும். எனவே “உன் மேஜர் என்ன?” என்ற கேள்விக்கு நம் ஊரில் ஒரே பதில்தான் இருக்க முடியும். எல்லைக்கு அந்தப் பக்கம் கதை வேறு. கர்நாடகத்தில் பி.எஸ்சி. என்றாலே மூன்று பாடங்களை ஒரே எடையில் படிப்பதுதான் நெடுநாள் வழக்கம். இயற்பியல், வேதியியல், கணிதம் என்றால் பி.சி.எம்., வேதியியல், தாவரவியல், விலங்கியல் என்றால் சி.பி.இசட்., கலைப் பிரிவில் வரலாறு, பொருளியல், அரசியல் அறிவியல் சேர்ந்த எச்.இ.பி. ஆந்திரத்திலும் இதே பழக்கம் இருந்தது. 2021இல் கர்நாடகம் நான்காண்டு முறைக்கு மாறி, 2024இல் மறுபடி மூன்றாண்டுக்குத் திரும்பியது. கேரளம் 2024இல் நான்காண்டு முறையைத் தொடங்கி, அதில் இரட்டை மேஜரையும் ஒரு வழியாக வைத்தது. எனவே பக்கத்து மாநிலத்துக்குப் போகும் பிள்ளைக்கு மூன்று ஆண்டுக்கு முன் படித்த அண்ணன் சொன்ன தகவல் உதவாது. சேரும் ஆண்டின் பாடத்திட்டத்தைத்தான் பார்க்க வேண்டும்.

கரும்பலகையில் ஒரு கணக்கு

மறுநாள் மாணவி அப்பாவோடு வந்தாள். அவர் மினி லாரி ஓட்டுகிறார். எங்கள் சுற்றுவட்டாரப் பசுமைக்குடில்களில் வளரும் ரோஜாவை ஏற்றிக்கொண்டு விடியும் முன்னே பெங்களூரு கே.ஆர். மார்க்கெட்டுக்குப் போய்ச் சேர்வார். “ரெண்டு மேஜர்னா ரெண்டு வேலைக்கு எழுதலாம்னு சொல்றாங்க மேடம். கஷ்டப்பட்டாலும் படிக்கட்டும்” என்றார். வீட்டில் முதல் பட்டதாரி இவள்தான்.

நான் வேறு எதையும் சொல்லாமல் பலகையில் கணக்குப் போட்டேன். 2022 டிசம்பரில் பல்கலைக்கழக மானியக்குழு வெளியிட்ட இளநிலைக் கட்டமைப்பில் மூன்றாண்டுப் பட்டத்துக்கு 120 கிரெடிட், நான்காண்டுக்கு 160. இரட்டை மேஜர் என்று சான்றிதழில் வர வேண்டுமானால் இரண்டாவது பாடத்தில் குறைந்தது 40 விழுக்காடு கிரெடிட் பெற வேண்டும். மூன்றாண்டில் அது 48. அதே பாடத்தை மைனராக மட்டும் எடுத்தால் 24 போதும். ஆக மைனருக்கும் இரண்டாவது மேஜருக்கும் உள்ள இடைவெளி 24 கிரெடிட்.

“ஒரு கிரெடிட்னா ஒரு பருவத்துக்கு 15 மணி நேர வகுப்பு. 24 கிரெடிட்னா எவ்வளவு?”

“360 மிஸ்.”

“ஆறு பருவத்துக்குப் பிரி.”

“60. 15 வாரம்னா வாரத்துக்கு நாலு மணி.”

அவள் முகம் மலர்ந்தது. நாலு மணி நேரம்தானா! வகுப்பில் ஒரு மணி நேரம் என்றால் வீட்டில் ஒரு மணி நேரமாவது உட்கார வேண்டும், எனவே எட்டு என்று வைத்துக்கொள் என்றேன். செய்முறை உள்ள பாடமாக இருந்தால் ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரம், அப்போது வகுப்பு நேரமே இரட்டிப்பாகும். கணிதம், பொருளியல் இரண்டிலும் அந்தத் தொல்லை பெரிதாக இல்லை.

அடுத்து அப்பாவிடம் கேட்டேன். “காலையில காலேஜுக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்ங்க?” பெங்களூரு டிராபிக்கை அவரைவிட அறிந்தவர் யார்? அத்திப்பள்ளி, எலெக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு என்று விரல்விட்டு எண்ணினார். “பஸ்ல போக ரெண்டு மணி நேரம். வர அதுக்கு மேல.” நாளுக்கு நாலு மணி நேரம். வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் 20.

பலகையில் 8, 20 என்ற இரண்டு எண்களும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. இரண்டாவது மேஜரைத் தாங்க முடியுமா என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தோம். அதைவிடப் பெரிய மேஜர் பஸ்ஸில் இருந்தது. விடுதியில் தங்கினால் நேரம் மிச்சமாகும், செலவு கூடும். உள்ளூரில் படித்தால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வரும், அரசுக் கல்லூரியில் கட்டணமும் சொற்பம். இந்தக் கணக்கை நாம் போட்டுக் காட்டாவிட்டால் பிள்ளைகள் போடுவதில்லை. ‘ரெண்டு பாடம் கஷ்டமா இருக்குமா’ என்று மட்டும் கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். வேலைக்குப் போகும் பிள்ளை, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை என்றால் அந்த மணி நேரங்களும் பலகையில் ஏற வேண்டும்.

பொருளியல் எதற்கு?

கேட்டேன். பிளஸ் 2வில் கணினி அறிவியல் பிரிவு படித்தவள், பொருளியல் புத்தகத்தைத் தொட்டதே இல்லை. பையிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்தாள். அப்பா தினமும் சொல்லும் விலையை எட்டாம் வகுப்பிலிருந்து எழுதி வருகிறாளாம். 20 பூ கொண்ட ரோஜாக் கட்டு, நாள்வாரியாக. பிப்ரவரி காதலர் தினத்துக்கு முன் ஏறுகிறது. முகூர்த்தம் இல்லாத ஆடியில் விழுகிறது. அதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவள் கேள்வி வேறு: “மார்க்கெட்ல விலை பாதியா விழுந்த அன்னிக்கும் கடையில அதே விலைக்குத்தான் விக்கிறாங்க மிஸ். ஏன் அது மட்டும் இறங்க மாட்டேங்குது?”

இருபது ஆண்டுக்கு மேல் பாடம் நடத்துகிறேன். கல்லூரிப் பாடத்தைத் தேர்ந்தெடுக்க இவ்வளவு நல்ல காரணத்தோடு ஒரு பிள்ளை வந்து நான் பார்த்ததில்லை. அப்பா கேட்டது ‘இருக்கட்டும்’ என்ற கேள்வி. இவள் கேட்டது கணிதமும் பொருளியலும் சேர்ந்தால்தான் பதில் கிடைக்கக்கூடிய கேள்வி. இரட்டை மேஜர் யாருக்கு என்று கேட்டால் இப்படிப்பட்ட பிள்ளைக்குத்தான் என்று சொல்வேன்.

பாடங்களும் ஒன்றுக்கொன்று உதவுபவை. நுண்கணிதம், நேரியல் இயற்கணிதம், நிகழ்தகவு, புள்ளியியல் எல்லாம் பொருளியலில் மேலே போகப் போகத் தேவைப்படும். கணிதமும் இயற்பியலும், வரலாறும் அரசியல் அறிவியலும் இப்படி அடித்தளத்தைப் பங்கிட்டுக்கொள்பவை. பொதுவான எதுவும் இல்லாத இரண்டு பாடங்களையும் ஒருவர் ஆசையோடு படிக்கலாம், தடையில்லை. ஆனால் அங்கே எட்டு மணி நேரம் எட்டு மணி நேரமாகவே இருக்கும், குறையாது.

அதற்காக நான் உடனே சரி சொல்லிவிடவில்லை. இணையத்திலிருந்து ஒரு பி.எஸ்சி. கணிதப் பாடத்திட்டத்தை அச்செடுத்து ஐந்தாம் பருவத் தாள்களின் தலைப்புகளைப் படிக்கச் சொன்னேன். பிள்ளைகள் முதல் பருவத்தைப் பார்த்துத்தான் ஆசைப்படுகிறார்கள். முதல் பருவம் பிளஸ் 2வின் நீட்சி போல இருக்கும். ஐந்தாம் பருவத்தில் மெய்ப்பகுப்பாய்வும் நுண் இயற்கணிதமும் வந்து நிற்கும்போது, கணக்குப் போடுவது குறைந்து நிரூபிப்பது தொடங்கும். ‘எனக்குக் கணக்கு நல்லா வரும்’ என்று சேர்ந்தவர்கள் அங்கேதான் திகைக்கிறார்கள். அவள் ஒவ்வொரு தலைப்பாக விரல் வைத்துப் படித்தாள். பொருளியல் பாடத்திட்டத்தில் நுண்ணியல், பேரியல், பொருளாதார அளவியல் என்று பார்த்தவள், கடைசியில் சொன்னேன் இல்லையா அதில் நின்றுவிட்டாள். “இதுல விலை நோட்டை வெச்சு வேலை செய்யலாம் போல.” செய்யலாம். அதற்குத்தான் அந்தத் தாள்.

சான்றிதழைப் படிக்கப்போவது யார்?

இது நாம் கட்டாயம் சொல்ல வேண்டிய பகுதி. நம் துறையில் அடிபட்டவர்கள் நாம்தானே!

அவள் அம்மாவுக்கு மகள் ஆசிரியராக வேண்டும் என்று விருப்பம். பட்டதாரி ஆசிரியர் பணிக்குப் பட்டத்தின் முதன்மைப் பாடம், பி.எட்., தகுதித் தேர்வு மூன்றும் வேண்டும். முதுகலை ஆசிரியர் பணிக்கு இளநிலையிலும் முதுநிலையிலும் ஒரே பாடம் இருக்க வேண்டும். கிராஸ் மேஜர் என்று நாம் சொல்வது இங்கே இடிக்கும். பட்டத்தின் பெயர் வழக்கமான பெயராக இல்லாமல் இரண்டு பாடங்கள் சேர்ந்ததாகவோ, ‘அப்ளைடு’, ‘வித் கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ்’ என்ற ஒட்டோடோ இருந்தால், அது எந்தப் பாடத்துக்கு இணையானது என்று அரசாணை இருக்கிறதா என்று சான்றிதழ் சரிபார்ப்பில் கேட்பார்கள். தேர்வில் நல்ல மதிப்பெண் எடுத்துவிட்டு இணைத்தன்மைக்காக அலைந்தவர்களை நாம் ஒவ்வொருவரும் பார்த்திருக்கிறோம். வெளிமாநிலப் பட்டத்துக்கு இந்தக் கவனம் இன்னும் கூடுதலாகத் தேவை.

எனவே கல்லூரியில் கேட்க வேண்டிய கேள்வி, ‘இரண்டு மேஜர் தருகிறீர்களா?’ என்பது மட்டுமில்லை. ‘பட்டச் சான்றிதழில் என்ன என்று அச்சாகும்? இரண்டில் ஒன்றை மூன்றாம் ஆண்டில் விட நேர்ந்தால் மற்றதில் முழு மேஜராகப் பட்டம் கிடைக்குமா?’ இந்த இரண்டையும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்க வேண்டும். மாணவி அந்தக் கல்லூரிக்குப் போன் போட்டாள். முதல் கேள்விக்கு ஒருவர் ஒன்று சொன்னார், அடுத்த நாள் இன்னொருவர் வேறொன்று சொன்னார்.

தனியார் வேலையில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே பட்டத்தின் பெயரைவிடத் தெரிந்த வேலைக்கு மதிப்பு. ஆனால் எங்கள் பகுதியில் நான் பார்த்த வரையில், இரண்டு பாடம் என்பதற்காக யாரும் சம்பளத்தைக் கூட்டித் தந்ததில்லை. ‘ரெண்டு வேலைக்கு எழுதலாம்’ என்ற அப்பாவின் கணக்கு அரசுப் பணியில் விதியால் சுருங்குகிறது, தனியாரில் யாரும் அதைக் கேட்பதில்லை. பட்டம் இருந்தால் போதும் என்கிற பொதுப்போட்டித் தேர்வுகளுக்கோ ஒரு மேஜரே தாராளம்.

இந்த இடத்தில் என் இன்னொரு தவறையும் சொல்லிவிடுகிறேன். ஆசிரியர் ஆக விரும்பும் பிள்ளைக்கு நேரடியாகப் பொருந்துகிற ஓர் இரட்டை மேஜர் இருக்கிறது. அது நான்காண்டு ஒருங்கிணைந்த ஆசிரியர் கல்விப் படிப்பு. தேசியக் கல்விக் கொள்கை 2020 அதைக் கல்வியியலும் ஒரு பாடமும் சேர்ந்த இரட்டை மேஜர் பட்டம் என்றே விவரிக்கிறது. இளநிலை மூன்று, பி.எட். இரண்டு என்று ஐந்தாண்டு ஆவது இங்கே நான்கில் முடிகிறது. மைசூருவில் உள்ள மண்டலக் கல்வியியல் நிறுவனம் நான்காண்டு பி.எஸ்சி. பி.எட்.டைப் பல்லாண்டுகளாக நடத்தி வருவது. தென் மாநிலப் பிள்ளைகளுக்கான நிறுவனம் அது, எங்களுக்கு ஒரு ராத்திரிப் பயணம்கூட இல்லை. இந்தப் புதிய படிப்புக்குத் தேசியத் தேர்வு முகமை நடத்தும் பொது நுழைவுத்தேர்வு எழுத வேண்டும். அதற்கான விண்ணப்பக் காலம் பிளஸ் 2 தேர்வு முடிவு வருவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. மே மாதத்தில் என் முன்னால் உட்கார்ந்த பிள்ளையிடம் அதைப் பற்றிப் பேசிப் பயன் என்ன? இந்த ஆண்டு ஜனவரியிலேயே வகுப்பு வகுப்பாகப் போய்ச் சொல்லிவிட்டேன்.

கையில் இருந்த மற்ற வழிகள்

கணிதத்தை மேஜராக வைத்துக்கொண்டு பொருளியலை இழக்காமல் இருக்க முடியுமா என்று பார்த்தோம். முடியும். பல பல்கலைக்கழகங்கள் எம்.ஏ. பொருளியலுக்குக் கணிதப் பட்டதாரிகளையும் சேர்த்துக்கொள்கின்றன. இந்தியப் புள்ளியியல் நிறுவனம் நடத்தும் எம்.எஸ். குவான்டிடேட்டிவ் எக்கனாமிக்ஸ் படிப்புக்கு அவர்கள் நுழைவுத்தேர்வு எழுதலாம், சேர்ந்தால் உதவித்தொகையும் உண்டு. அந்தத் தேர்வே பாதிக்குமேல் கணிதம்தான். பட்டப்படிப்பு நடக்கும்போதே என்.பி.டி.இ.எல்., ஸ்வயம் தளங்களில் பொருளியல் பாடம் ஒன்றை இலவசமாகக் கேட்கலாம். சான்றிதழ் வேண்டுமென்றால்தான் தேர்வுக் கட்டணம். இரண்டாவது பாடம் நமக்கு ஒத்துவருமா என்று பார்க்க இதைவிட மலிவான வழி இல்லை. ஒரு பருவம் கேட்டும் ஆசை அப்படியே இருந்தால் அப்போது பெரிய முடிவை எடுக்கலாம்.

சென்னை ஐ.ஐ.டி.யின் பி.எஸ். தரவு அறிவியல் படிப்பையும் அவள் கேட்டாள். 2020இல் தொடங்கிய இந்த இணையவழிப் படிப்பை வேறு பட்டத்தோடு சேர்த்துப் படிக்கிற பிள்ளைகள் நிறைய. முதலில் நான்கு வாரப் பாடம், அதில் தகுதித் தேர்வு, தேறினால் சேர்க்கை. மொத்தம் 142 கிரெடிட் என்றாலும் இடையிலேயே சான்றிதழ், டிப்ளமோ, பி.எஸ்சி. என்று இறங்கிக்கொள்ளும் படிகள் உண்டு. வருமானம் குறைந்த குடும்பங்களுக்குக் கட்டணச் சலுகையும் இருக்கிறது. நேரடித் தேர்வுகள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கின்றன. பி.காம். மாணவனின் கதைக்குப் பிறகு நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

எந்தக் கல்லூரியில் சேர்வது என்று நான் சொல்லவில்லை. பலகையை அவள் போனில் படம் எடுத்துக்கொண்டாள். மூன்று நாள் கழித்து அப்பா போன் செய்தார். ஓசூரிலேயே பி.எஸ்சி. கணிதம். விடுதிச் செலவைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பணம் இருந்திருந்தால் அவள் பெங்களூரு விடுதியில் தங்கி இரண்டையும் படித்திருப்பாள், அது தவறான முடிவாகவும் இருந்திருக்காது என்றே இப்போதும் நினைக்கிறேன்.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை பள்ளிக்கு வந்தாள். அல்லைடு என்ன என்று கேட்டேன். பொருளியல் கிடைக்கவில்லை, இயற்பியல்தான். தகுதித் தேர்வைப் பற்றி இன்னும் யோசிக்கிறாளாம். அன்று அவள் வந்தது நூலகத்துக்கு. பிளஸ் 1 பொருளியல் பாடநூலைக் கேட்டு வாங்கி, பதிவேட்டில் கையெழுத்திட்டாள். கடந்த வாரம் அதைத் திருப்பித் தந்துவிட்டு, பிளஸ் 2 நூலை எடுத்துப் போயிருக்கிறாள். பிளஸ் 1 நூலின் நடுவில் அவள் மறந்து வைத்த தாள் ஒன்று இருந்தது. ஒரு பக்கம் ஜூலை மாத ரோஜா விலை, மறுபக்கம் பென்சிலில் ஒரு வரைபடம். அடுத்த முறை வரும்போது கொடுக்க எடுத்து வைத்திருக்கிறேன்.